'செட்' செத்துப்போச்சா? ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லும் அதன் பங்காளிகளும்

ஏழாங்கிளாஸ்_அப்பா
பையனோட வகுப்புச் சுவரில் ஆங்கில மிஸ் ஒரு சார்ட் ஒட்டியிருக்காங்க. மேலே கல்லறை படம், அதில் 'செட் இஸ் டெட்', அதாவது said ('சொன்னார்') என்ற சொல் செத்துப்போச்சாம். கீழே அதுக்குப் பதிலா எழுத வேண்டிய சொற்கள், ஐம்பதுக்கு மேல: எக்ஸ்க்ளெய்ம்ட் (வியந்து சொன்னார்), டிக்ளேர்ட் (அறிவிச்சார்), க்ளெய்ம்ட் (அப்படின்னு சொல்லிக்கிட்டார்), அட்மிட்டட் (ஒப்புக்கிட்டார்), இன்சிஸ்டட் (அடிச்சுச் சொன்னார்)...

'எங்கள் வீட்டுக் காலை' என்ற கட்டுரையில் பையன் எழுதினது: "'சட்னி தீர்ந்துடுச்சு' என்று அம்மா டிக்ளேர்ட். 'பொடி வச்சுக்கோ' என்று அப்பா அட்வைஸ்ட். 'மாட்டேன்' என்று தங்கை ப்ரொடெஸ்டட். 'நேத்தும் பொடிதான்' என்று நான் அலெஜ்ட்."

அம்மா அறிவிக்கிறாங்க, அப்பா ஆலோசனை சொல்றார், தங்கை எதிர்க்கிறா, இவன் குற்றம் சாட்டறான். எங்க வீட்டு டிபன் சட்டசபை மாதிரி இருக்கு. பத்துக்குப் பத்து, ஒரு ஸ்டார் வேற. இது சரிதானா?

சிவப்பு_மை
நானும் ஆங்கில டீச்சர்தான், அதே சார்ட் என் வகுப்பிலும் இருக்கு. அதனால் அடி வாங்கத் தயாரா வந்திருக்கேன்.

ஒரு பக்கக் கட்டுரையில் பதினாலு 'செட்' எண்ணியிருக்கேன் சார். அதைவிடப் பெரிய தலைவலி, 'செட்' ('சே'யோட இறந்தகாலம்) எங்கே, 'டோல்ட்' ('டெல்'லோட இறந்தகாலம்) எங்கேன்னே தெரியாதது. 'ஹி டோல்ட் தட்', 'ஹி செட் மீ'. ரெண்டும் தப்பு. 'டெல்'லுக்குப் பக்கத்திலேயே ஆள் வேணும், யாரிடம் சொன்னான்னு. 'சே'க்குச் சொன்ன சேதி போதும், ஆள் வந்தா நடுவில் 'டு' வேணும். நம்ம பிள்ளைங்களுக்கு இது ஏன் குழப்பம்? "என்கிட்ட சொன்னான்", "என்னை வரச் சொன்னான்", "பொய் சொன்னான்", மூணுக்கும் நமக்கு ஒரே 'சொல்'. ஆங்கிலத்தில் வரச் சொல்றதும் பொய் சொல்றதும் 'டெல்' பக்கம் போயிடும்.

கொசுறா ஒண்ணு: 'டெல்'லுக்குப் பழைய ஆங்கிலத்தில் எண்ணுறதுன்னும் பொருள். பேங்க்கில் காசு எண்ணித் தர்றவருக்கு 'டெல்லர்'னு பேர் வந்தது அப்படித்தான்.

இவ்வளவு வறுமையில் இருக்கிற பிள்ளைக்கு ஐம்பது சொல் கொடுத்தா அது குத்தமா?

டெஸ்க்கில்_இருபது_வருஷம்
குத்தம்தான் மேடம். அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகி பத்திரிகைக்கு வருகிறார்கள், நான் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு மருத்துவ அதிகாரி, யாரும் கேட்காமலேயே, மூன்று நோயாளிகளை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதாகப் பேட்டியில் சொன்னார். ஆங்கிலக் காப்பியில் அது 'அட்மிட்டட்' ஆகி வந்தது. அதைத் தமிழாக்கிய எங்கள் டெஸ்க் பையன் அகராதிப்படி "ஒப்புக்கொண்டார்" என்று போட்டுவிட்டான். நானும் கவனிக்காமல் பக்கத்தை அனுப்பினேன். மறுநாள் காலை போன்: "நான் என்னங்க தப்பு பண்ணினேன், ஒப்புக்கறதுக்கு?" பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் சொன்ன தகவலில் ஒரு எழுத்துகூடப் பிழை இல்லை. வினைச்சொல் மட்டும் அவரைக் கூண்டில் ஏற்றிவிட்டது.

ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைக் கையேடு இதற்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கிறது. 'செட்', 'ஸ்டேட்டட்' (தெரிவித்தார்), 'ரோட்' (எழுதினார்), 'அக்கார்டிங் டு' (அவர் கூற்றுப்படி) எல்லாம் அநேகமாக எப்போதும் நடுநிலை. 'ரிவீல்ட்' (வெளிப்படுத்தினார்), 'பாயின்டட் அவுட்' (சுட்டிக்காட்டினார்) என்று எழுதினால் அவர் சொன்னது உண்மை என்று நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். 'க்ளெய்ம்ட்' என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை என்று கண்ணடிக்கிறீர்கள். தமிழிலும் அதே கதை. "சுட்டிக்காட்டினார்" உண்மைக்கு, "ஒப்புக்கொண்டார்" குற்றத்துக்கு.

பையன் 'அலெஜ்ட்' என்று எழுதியிருக்கிறானே, நேற்றும் பொடி வைத்தது அவ்வளவு பெரிய குற்றமா என்று அவனிடம் கேளுங்கள்.

சிவப்பு_மை
அலெஜ்ட் தப்புதான், ஒத்துக்கறேன். (பாருங்க, நானே கூண்டில் ஏறிட்டேன்.) ஆனா நீங்க பத்திரிகையைப் பேசறீங்க, நான் கதை கட்டுரையைப் பேசறேன்.

குட்டிக்கதை
கதைக்கும் அந்தச் சார்ட் ஆகாதுங்க அக்கா. அமெரிக்க எழுத்தாளர் எல்மோர் லெனார்ட் 2001இல் நியூயார்க் டைம்ஸில் தன் எழுத்து விதிகளைப் பட்டியல் போட்டார். அதில் ஒண்ணு, உரையாடலைத் தாங்க 'செட்' தவிர வேறு வினைச்சொல் போடாதே. அதுக்கடுத்தது, அந்தச் 'செட்'டுக்கு வினையடை ('கோபமாக', 'மெதுவாக' மாதிரி) கட்டாதே. 'செட்'டை வாசகன் கண் தாண்டிப் போயிடும், நம்ம 'என்றான்' மாதிரி. எந்த வாசகனாவது ஒரு பக்கத்தில் எத்தனை 'என்றான்'னு எண்ணிப் பார்த்திருக்கானா? டீச்சர்தான் எண்ணுவாங்க.

நான் ஒரே ஒரு விலக்கு வச்சிருக்கேன். 'விஸ்பர்ட்', 'ஷவுட்டட்' ரெண்டும் காதுக்குக் கேட்கிற விஷயம். குசுகுசுன்னானா, கத்தினானாங்கிறது வசனத்தைப் பார்த்தாத் தெரியாது. அதைச் சொல்லலாம். மத்ததெல்லாம் எழுத்தாளர் மூக்கை நுழைக்கிறது.

நிகண்டுப்பித்தன்
ஆங்கிலேயன் ஐம்பது சொல்லை வைத்துக்கொண்டு அல்லாடுகிறான். நம்மிடம் இல்லாததா? கூறு, பேசு, இயம்பு, விளம்பு, மொழி, நவில், பகர், செப்பு, உரை, அறை, சாற்று, நுவல், கழறு, கிளத்து... அத்தனையும் 'சொல்'தான். வெட்கமில்லாமல் 'செட்'டுக்கு மாரடிக்கிறீர்கள்.

டெஸ்க்கில்_இருபது_வருஷம்
அத்தனையும் 'சொல்'தான் என்ற இடத்தில்தான் ஐயா இடிக்கிறது. கழறு என்றால் இடித்துச் சொல்வது. சாற்று, ஊரறிய அறிவிப்பது. விளம்பு இருப்பதால்தான் விளம்பரம். 'செப்பும் வினாவும்' என்று தொல்காப்பியம் சேர்த்துச் சொல்லும்போது செப்பு என்பது விடை. உங்கள் பட்டியலை ஒரு பையனிடம் கொடுத்தால், "சட்னி தீர்ந்துவிட்டது என்று அம்மா சாற்றினாள்" என்று எழுதுவான். அதற்கும் ஒரு ஸ்டார் விழும்.

நிகண்டுப்பித்தன்
கேலி வேண்டாம். நுட்பம் நம் முன்னோர்க்குத் தெரியும் என்பதே என் வாதம். அதே தொல்காப்பியம்தான் 'ஈ' என்பது தாழ்ந்தவன் கேட்பது, 'தா' என்பது ஒத்தவன் கேட்பது, 'கொடு' என்பது உயர்ந்தவன் கேட்பது என்று வகுத்தது.

டெஸ்க்கில்_இருபது_வருஷம்
அப்படி வகுத்தவரை விட்டுவிட்டு நீங்கள் ஏன் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

சப்டைட்டில்_காரி
நடுவில் நுழையறதுக்கு மன்னிக்கணும். ஆங்கிலப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதறது என் வேலை. ஒரு வரிக்கு இடம் ரொம்பக் கம்மி. 'ஹி க்ளெய்ம்ஸ் ஹி டிட்ன்ட் டேக் த மனி'ன்னு வந்தா என்ன செய்வீங்க? "பணத்தைத் தான் எடுக்கவில்லை என்று அவர் உரிமை கோருகிறார்"னு ஒருத்தர் எழுதி நான் பார்த்திருக்கேன். இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் நினைப்பில் எழுதியிருப்பார் போல.

நான் எழுதறது: "அவன் எடுக்கவே இல்லையாம்."

அவ்வளவுதான். அந்த 'ஏ'யும் 'ஆம்'மும் சேர்ந்து மொத்த 'க்ளெய்ம்'மையும் தூக்கிடுது. 'இன்சிஸ்ட்'டா? "இல்லவே இல்லைங்கிறான்." நம்ம மொழியில் பாதிச் சாயல் வினைச்சொல்லில் இல்லை, வாலில் இருக்கு. அகராதியில் 'க்ளெய்ம்' பக்கத்தில் போய்த் தேடினா இது கிடைக்காது. ஐம்பது சொல் சார்ட்டும் வேண்டாம், 'செட்' மட்டும் போதும்னும் வேண்டாம்.

டெஸ்க்கில்_இருபது_வருஷம்
அழகு. ஆனால் என்னால் பயன்படுத்த முடியாதம்மா. பேப்பரில் 'ஆம்' போட்டால் அது கிசுகிசுப் பத்தி. "நடிகை விரைவில் டும்டும்மாம்." முதல் பக்கத்தில் "அமைச்சர் லஞ்சமே வாங்கவில்லையாம்" என்று போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். அதனால்தான் நாங்கள் "கூறினார்", "தெரிவித்தார்" என்று வறட்டு ரொட்டி தின்கிறோம்.

குட்டிக்கதை
"அவர் மேலும் கூறுகையில்" விட்டுட்டீங்க அண்ணே.

டெஸ்க்கில்_இருபது_வருஷம்
அதை நினைவுபடுத்தாதீர்கள் தம்பி.

சிவப்பு_மை
சப்டைட்டில்_காரி சொன்னதை நாளைக்கே வகுப்பில் எடுத்துக்கப் போறேன். 'க்ளெய்ம்ட்' வந்தா 'ஆம்' போட்டுத் தமிழில் சொல்லிப் பாரு, ஒட்டினா எழுது, ஒட்டலைன்னா 'செட்'. "சட்னி தீர்ந்துடுச்சாம்"னு சொல்லிப் பார்த்தாலே பிள்ளைங்களுக்குப் புரிஞ்சிடும், அம்மாவையே சந்தேகப்படறோம்னு. ஆனா சார்ட்டைக் கிழிக்க மாட்டேன். சொல்லே தெரியாதவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? கல்லறையை மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டி மறைச்சிடறேன்.

டெஸ்க்கில்_இருபது_வருஷம்
மறைக்க வேண்டியது கல்லறையை அல்ல, 'அட்மிட்டட்'டை.

ஏழாங்கிளாஸ்_அப்பா
எல்லாருக்கும் நன்றி. ராத்திரி பையனை உட்கார வச்சுத் திருத்தச் சொன்னேன். 'அட்வைஸ்ட்', 'ப்ரொடெஸ்டட்', 'அலெஜ்ட்' மூணையும் அடிச்சு 'செட்' போட்டான். 'டிக்ளேர்ட்'டை மட்டும் விடமாட்டேன்னான். ஏன்டான்னு கேட்டேன். "அம்மா கரண்டியைத் தட்டில் டங்குன்னு வச்சிட்டுத்தாம்ப்பா சொன்னாங்க"ங்கிறான்.

சிவப்பு_மை
அதை நான் அடிக்க மாட்டேன் சார்.

டெஸ்க்கில்_இருபது_வருஷம்
நானும்.