பி.எட். 16 வாரக் கற்பித்தல் பயிற்சி: ரெக்கார்டு, வகுப்பு, டெட் படிப்பு மூன்றுக்கும் நேரம் பிரிப்பது எப்படி?

கேள்வி: சதுரமூலம்

வணக்கம். பி.எட். இரண்டாம் ஆண்டு, கணிதம். ஆகஸ்ட் முதல் வாரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் பயிற்சி தொடங்குது. எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் கொடுத்திருக்காங்க, ஒவ்வொன்றிலும் 40 பிள்ளைகள். கல்லூரிக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய ரெக்கார்டுப் பட்டியலில் பாடத்திட்டம் (ஒரு பாடவேளைக்கு ஒன்று) 30, உற்றுநோக்கல் ஏடு (மற்றவங்க வகுப்பைப் பார்த்து எழுதுறது), துணைக்கருவிகள், அடைவுத் தேர்வு (பிள்ளைகள் எவ்வளவு கத்துக்கிட்டாங்கன்னு அளக்க), குறையறி சோதனை (எங்கே தடுமாறுறாங்கன்னு கண்டுபிடிக்க), தனியாள் ஆய்வு (ஒரே ஒரு பிள்ளையைப் பற்றி), செயலாய்வு (வகுப்பில் ஒரு சிக்கலைத் தீர்த்துப் பார்ப்பது) எல்லாம் இருக்கு. மாலை 6 முதல் 8 வரை டியூஷன், அதை விட முடியாது. டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாளுக்கும் படிக்கணும். "ரெக்கார்டெல்லாம் கடைசி மாசம் உட்கார்ந்து எழுதிக்கலாம்"னு சீனியர்கள் சொல்றாங்க. அது சரிப்பட்டு வருமா? எதைப் பள்ளியிலேயே முடிக்கணும், எதை வீட்டுக்குக் கொண்டு போகலாம்?

பதில்: சாக்பீஸ் டப்பா

சீனியர்கள் சொன்னதில் பாதிதான் சரி. மேசையும் பேனாவும் இருந்தால் எழுதிவிடக்கூடிய ரெக்கார்டு ஒரு வகை: உற்றுநோக்கல் ஏட்டைச் செப்பமாக்குவது, புள்ளியியல் கணக்கு, வரைபடம், முன்னுரை. பிள்ளைகள் எதிரில் இருந்தால் மட்டுமே நடப்பவை இன்னொரு வகை: அடைவுத் தேர்வு, குறையறி சோதனை, செயலாய்வின் முன்தேர்வும் பின்தேர்வும், தனியாள் ஆய்வுக்குப் பேசிப் பார்ப்பது. முதல் வகையைத் தள்ளிப்போடலாம். இரண்டாவதைத் தள்ளினால் கடைசியில் கற்பனை மதிப்பெண் போடுவதுதான் நடக்கும். வெளித்தேர்வருக்கு அதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். கற்பனைப் பட்டியலில் 40 பேரும் தேர்வுக்கு வந்திருப்பார்கள், யாரும் பூஜ்யமோ முழு மதிப்பெண்ணோ வாங்கியிருக்க மாட்டார்கள், பின்தேர்வில் எல்லாரும் சொல்லி வைத்தாற்போல் 4, 5 மதிப்பெண் ஏறியிருப்பார்கள்.

அடுத்தது நாள்காட்டி. 16 வாரம் என்றால் தாளில் 80 நாள். பயிற்சிக் காலத்துக்கு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் கேட்கும் வருகை 90 சதவீதம், ஆக 72 நாள். உங்கள் கையில் இருப்பது 8 நாள்தான். காய்ச்சல், வீட்டு விசேஷம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆனால் 80 நாளும் பாடம் நடக்கும் நாள் இல்லை. ஆகஸ்ட் 15-க்கு முந்தைய வாரம் பயிற்சி மாணவர்களைத்தான் கலைநிகழ்ச்சி ஒத்திகைக்கு அனுப்புவார்கள். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. அதற்கு முந்தைய வாரம் திருப்புதல், பின்னால் விடுமுறை. பிறகு தீபாவளி. அக்டோபர் கடைசியில் இருந்து வடகிழக்குப் பருவமழை. கலெக்டர் காலையில் விடுமுறை அறிவித்தால் அன்றைக்கு வைத்திருந்த பின்தேர்வு போச்சு. மழை விடுமுறையை 80 நாளில் சேர்ப்பார்களா, ஈடுகட்டச் சொல்வார்களா என்பதை முதல் வாரமே கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே அடைவுத் தேர்வையும் குறையறி சோதனையையும் காலாண்டுக்கு முன் முடிக்கப் பாருங்கள். செயலாய்வு அக்டோபரில் பள்ளி திறந்ததும் தொடங்கி மழை வலுக்கும் முன் முடியட்டும். நவம்பர் எழுதுவதற்கும் விட்டுப்போனதைப் பிடிப்பதற்கும்.

எல்லாவற்றையும்விட நேரம் மிச்சப்படுத்துவது ஒரே பாடப்பகுதியில் எல்லா ரெக்கார்டையும் கோப்பதுதான். எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். (a + b)² என்றால் a² + b² என்று எழுதும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். அந்தப் பிழை அடைவுத் தேர்வில் தலைகாட்டும், குறையறி சோதனையில் உறுதியாகும், குறைதீர் கற்பித்தலுக்குத் தலைப்பாகும், செயலாய்வுக்கும் அதுவே சிக்கல். அதில் தொடர்ந்து தடுமாறும் ஒருவரைத் தனியாள் ஆய்வுக்கு எடுக்கலாம். ஐந்து ரெக்கார்டுக்கு ஐந்து தலைப்பு தேடுகிறவர்கள்தான் நவம்பரில் தூக்கம் கெடுவார்கள்.

பதில்: கரும்பலகைத் துடைப்பான்

பாடத்திட்டம் பற்றி மட்டும் சொல்கிறேன், நேரத்தை அதிகம் தின்பது அதுதான்.

முதல் பாடத்திட்டம் எழுத இரண்டு மணி நேரம் ஆகும். பத்தாவதுக்கு முக்கால் மணி போதும், ஒரு நிபந்தனையோடு: கல்லூரி கொடுத்த படிவத்தில் மாறாத பகுதிகளை (வகுப்பு, பாடம், பாடவேளை, கட்டங்கள், தலைப்புகள்) ஞாயிற்றுக்கிழமை ஒரே இருப்பில் ஆறு திட்டங்களுக்குக் கோடு போட்டு எழுதிவைக்க வேண்டும். உள்ளடக்கத்தை இரண்டு வகுப்புக்கு மேல் முன்கூட்டி எழுதாதீர்கள். மூன்றாம் நாளே வகுப்பு பின்தங்கும்; எழுதி வைத்த ஐந்தும் தேதி மாறும்; பிறகு வெள்ளை மை பூசிப் பூசி ரெக்கார்டு சுவர் மாதிரி ஆகிவிடும். தேதியைப் பென்சிலில் எழுதி, வகுப்பு முடிந்ததும் மையில் எழுதுங்கள்.

30 திட்டம் 16 வாரத்தில் என்றால் வாரத்துக்கு இரண்டு போதும் என்று தோன்றும். மேலே சொன்ன ஒத்திகை, தேர்வு, விடுமுறை எல்லாம் போனால் பாடம் நடத்தக் கிடைப்பது 11, 12 வாரம். ஆகவே வாரத்துக்கு மூன்று என்று கணக்கு வைத்தால்தான் தப்பிக்கலாம்.

45 நிமிடப் பாடவேளையில் 45 நிமிடம் கிடையாது. முந்தைய ஆசிரியர் வெளியேறி, பிள்ளைகள் நோட்டை மாற்றி அமர 4 நிமிடம் போகும். 40-க்குத் திட்டமிடுங்கள்: ஆர்வமூட்டல் 5, கற்பித்தல் 20, பிள்ளைகள் தாங்களே போட்டுப் பார்ப்பது 10, மதிப்பீட்டு வினாக்களும் வீட்டுப்பாடமும் 5. ஆர்வமூட்டலை நீட்டுவதுதான் வழக்கமான தவறு. நுண்ணிலைக் கற்பித்தலில் (ஒரு திறனை மட்டும் சில நிமிடம் நடத்திப் பழகுவது) 6 நிமிடம் முழுக்க அறிமுகத்திறனையே செய்து பழகியதால் கை அங்கேயே நிற்கும். மணி அடித்த பிறகு வீட்டுப்பாடம் சொன்னால் எழுதுவது முன்வரிசை மட்டும். அதைத் தொடக்கத்திலேயே பலகையின் வலது ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

துணைக்கருவிக்கும் ஒரு கணக்கு. (a + b)² காட்ட 14 செ.மீ. அட்டை வெட்டிக்கொண்டு போகிறார்கள். மூன்றாம் பெஞ்சுக்கு மேல் யாருக்கும் தெரியாது. கடையில் கிடைக்கும் சார்ட் 22 அங்குல அகலம், அதில் 55 செ.மீ. சதுரம் சரியாக உட்காரும். a = 40, b = 15 என்று வைத்துக் கோடு போட்டால் 1600, 225, இரண்டு 600; கூட்டினால் 3025, அதுதான் 55². இரண்டு 600-ஐயும் ஒரே நிறத்தில் வெட்டுங்கள், a² + b² என்று எழுதுகிற பிள்ளை விட்டுவிடும் பகுதி அதுதான். அந்த இரண்டு துண்டையும் எடுத்துவிட்டு "இப்ப சதுரம் இருக்கா?" என்று கேட்டால் போதும். வெட்ட அரை மணி. குறைதீர் கற்பித்தலுக்கும் இதே சார்ட்.

சதுரமூலம்

ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். அடைவுத் தேர்வு எத்தனை மதிப்பெண்ணுக்கு வைக்கலாம்? 40 தாள் திருத்த நேரம் எங்கே? அப்புறம், ஓய்வுப் பாடவேளையில் எழுதலாம்னா, வராத ஆசிரியர்களோட வகுப்புக்கெல்லாம் எங்களைத்தான் அனுப்புறாங்களாம், உண்மையா?

பதில்: திருத்தும் பேனா

ஒரு பாடவேளையில முடியுற மாதிரி 25 மதிப்பெண் வைங்க. ஒரு மதிப்பெண் 5, இரண்டு மதிப்பெண் 5, ஐந்து மதிப்பெண் 2. கணக்கு சரியா வரும், பிள்ளைகளும் முடிச்சிடுவாங்க. 50 மதிப்பெண்ணுக்கு வெச்சா இரண்டு பாடவேளை வேணும், அடுத்த பாட ஆசிரியர்கிட்ட கெஞ்சணும்.

வினாத்தாளுக்கு முன்னாடி வரைவுத்திட்டம் (எதை அளக்க எத்தனை மதிப்பெண்ணுன்னு காட்டுற அட்டவணை) போடுங்க. பலர் தேர்வை வெச்சுட்டு, வினாக்களைப் பார்த்து அட்டவணையை நிரப்புவாங்க. அறிதல், புரிதல், பயன்படுத்துதல், திறன்னு பிரிச்சு நெடுக்கும் குறுக்கும் கூட்டினா இரண்டும் 25 வரணும். பின்னாடி நிரப்பினா இது இடிக்கும், அப்புறம் கேள்வியை மாத்த முடியாது.

திருத்துறதுக்கு: ஒரு தாளை முழுசா திருத்தினா 5 நிமிஷம், 40 தாளுக்கு மூணேகால் மணிக்கு மேல. கேள்வி வாரியா திருத்துங்க. முதல் கேள்வியை 40 தாள்லயும் பார்த்துட்டு இரண்டாவதுக்குப் போங்க. விடை மனசுல இருக்கும், வேகம் வரும், மதிப்பெண்ணும் ஒரே அளவுகோல்ல விழும். பக்கத்துல ஒரு கட்டத்தாள் வெச்சு, மேல வரிசை எண் 1 முதல் 40, பக்கவாட்டுல கேள்வி எண், தப்பு விட்ட கட்டத்துல தப்போட வகைக்கு ஒரு குறி: குறியீட்டுப் பிழைன்னா கு, சூத்திரம் தெரியலைன்னா சூ, கூட்டல் பெருக்கல் தப்புன்னா க. திருத்தி முடிக்கும்போது குறையறி சோதனைக்கான தலைப்பு உங்க கையில இருக்கும். இந்தத் தாளைத் தூக்கிப் போட்டுடாதீங்க. சராசரி, திட்ட விலக்கம், நிகழ்வெண் பலகோணம் எல்லாத்துக்கும் மதிப்பெண்ணை ஒரே ஒரு தடவை ஏத்தினா போதும். இரண்டு இடத்துல எழுதினா இரண்டு இடத்துல வேற வேற எண் வரும்.

தினசரி நோட்டு 40-ஐயும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க. ஒரு நாளைக்கு ஒரு வரிசை, 10 நோட்டு, பிள்ளைகள் பயிற்சிக் கணக்கு போடுற அந்தப் பத்து நிமிஷத்துல நடந்துகிட்டே பாருங்க. நாலு நாள்ல வகுப்பு முடிஞ்சிடும்.

மாற்றுப் பாடவேளை உண்மைதான், அனுப்புவாங்க. எட்டுப் பாடவேளையில உங்களுக்கு இரண்டோ மூணோ, மீதி காலியா இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். முகத்தைச் சுளிக்க வேண்டாம். ஆனா காலையிலேயே வழிகாட்டி ஆசிரியர்கிட்ட "சார், மூணாவது பாடவேளை ரெக்கார்டு எழுதிக்கிறேன், மத்த நேரம் எங்க வேணா போறேன்"னு ஒரு வேளையைக் கேட்டு வாங்கிக்குங்க. பொதுவா ஒத்துக்குவாங்க. எதுவும் கேக்காம நூலகத்துல மறைஞ்சு உட்கார்ந்தா மதிப்பீட்டுல அடி வாங்குவீங்க. மாற்று வகுப்புக்கு ஒரு பையில ஐந்து பயிற்சித்தாள் எப்பவும் இருக்கட்டும்: மாயச்சதுரம், வாய்ப்பாட்டு விளையாட்டு, ஆறாம் வகுப்புக்கு ஒண்ணு, ஒன்பதுக்கு ஒண்ணு. எதுவும் இல்லாமப் போனா 45 நிமிஷம் "சத்தம் போடாதே"ன்னு கத்துறதுலயே தொண்டை போயிடும்.

பதில்: சாக்பீஸ் டப்பா

மேலே சொன்னதோடு பொறுப்பு பற்றிச் சில வார்த்தை. உதவி கேட்கும்போது எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் நேரமும் போகும், வம்பும் வரும். வருகைப் பதிவேடு வகுப்பாசிரியருடையது; பெயர் வாசித்துச் சொல்லலாம், பதிவில் கை வைக்க வேண்டாம். எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவேற்றத்துக்கு யாராவது தங்கள் கடவுச்சொல்லைக் கொடுத்து உட்கார வைத்தால், அவர்களைப் பக்கத்தில் இருக்கச் சொல்லித் தட்டச்சு மட்டும் செய்யுங்கள். பிள்ளைகளைத் தனியாகப் பள்ளிக்கு வெளியே அழைத்துப் போகாதீர்கள். அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் தடை; "வழிகாட்டி ஆசிரியரே அடிக்கிறார்" என்பது உங்களுக்குக் காப்பு ஆகாது. தனியாள் ஆய்வில் பிள்ளையின் உண்மைப் பெயரை எழுதாமல் 'மாணவர் அ' என்று எழுதுங்கள். வகுப்புப் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது வேண்டவே வேண்டாம்.

டெட் விஷயத்தில் இந்த நான்கு மாதத்தில் புதிதாக எதையும் தொடங்காமல் இருப்பது நல்லது. இரண்டாம் தாளில் 150 வினா: குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதமும் அறிவியலும் 60. தனியாள் ஆய்வுக்குப் புரட்டும் உளவியல் பாடம் முதல் 30-க்கு உதவும். மாற்று வகுப்பில் பிள்ளைகள் பயிற்சித்தாள் போடும்போது அந்த வகுப்பின் அறிவியல் புத்தகத்தை வாங்கி ஒரு பாடம் படியுங்கள். ஆறு முதல் எட்டு வரையிலான புத்தகங்கள் எப்படியும் அங்கேதான் இருக்கின்றன. டியூஷன் முடிந்து எட்டு மணிக்கு மேல் நாளைய பாடத்திட்டம் முக்கால் மணி, அத்தோடு நிறுத்துங்கள்; காலையில் இறைவணக்கத்துக்குத் தாமதமாகப் போவது ரெக்கார்டு பாக்கியைவிடப் பெரிய கெட்ட பெயர்.

சதுரமூலம்

ஒரே பாடப்பகுதியில் கோப்பது நல்ல யோசனை, இயற்கணிதத்தையே எடுத்துக்கிறேன். செயலாய்வுக்கு எத்தனை நாள் வேணும்? முழு வகுப்பையும் எடுக்கணுமா?

பதில்: கரும்பலகைத் துடைப்பான்

முழு வகுப்பு வேண்டாம். அடைவுத் தேர்வில் அந்தப் பிழையை விட்டவர்களில் 8 முதல் 12 பேர் போதும். முன்தேர்வு ஒரு நாள், சிகிச்சை (அந்தப் பிழையைத் தீர்க்கும் கற்பித்தல்) 8 அல்லது 10 நாள், பின்தேர்வு ஒரு நாள். சிகிச்சையை மதிய உணவு இடைவேளையில் வைக்காதீர்கள், பிள்ளைகள் சாப்பிட்டு ஓட வேண்டும். மாலை வகுப்பு நடக்கும் பள்ளி என்றால் அதில் 20 நிமிடம் கேட்டு வாங்குங்கள். முன்தேர்வும் பின்தேர்வும் ஒரே கடினத்தில் இருக்க வேண்டும், அதே கணக்குகளாக இருக்கக் கூடாது: முன்பு (x + 3)² என்றால் பின்பு (y + 5)². இடையில் ஒருவர் நீண்ட விடுப்பு போனால் அவரை நீக்கி, நீக்கியதை எழுதுங்கள்.

கையெழுத்து பற்றி யாரும் சொல்லவில்லை. வழிகாட்டி ஆசிரியர் பாடத்திட்டத்தில் வகுப்புக்கு முன் கையெழுத்திட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை வரை அந்த வாரத்தினுடையது பாக்கி இல்லாமல் பாருங்கள். ஹெச்.எம். கையெழுத்தும் பள்ளி முத்திரையும், வருகைச் சான்றும் கடைசி நாள் வாங்கலாம் என்று விடாதீர்கள். அன்றைக்கு அவர் மாவட்டக் கல்வி அலுவலகக் கூட்டத்தில் இருப்பார், முத்திரை பூட்டிய அலமாரியில் இருக்கும். 15-ஆம் வாரம் செவ்வாய் அல்லது புதன், காலை இறைவணக்கம் முடிந்து அவர் அறைக்குத் திரும்பிய பத்து நிமிடம் கழித்து, கையெழுத்து விழ வேண்டிய பக்கங்களில் தாள்துண்டு செருகிக் கொண்டு போங்கள்.