மச்சுவீட்டு வகையறா குரூப்: ஊசி ஃபாரம்

வியாழன்

செல்வி, இரவு 7:42
யாழினி ஸ்கூல்ல ஒரு ஃபாரம் குடுத்து விட்டிருக்காங்க. எச்பிவி ஊசியாம். கர்ப்பப்பை வாய் கேன்சர் வராம இருக்கறதுக்கு. திங்கக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். அவங்கப்பா நாக்பூர் தாண்டி லோடோட நிக்கிறாரு, போன் எடுக்கல. போடலாமா வேண்டாமா?

மணி, 7:44
போட்டுக்க வேண்டியதுதான

மணி, 7:44
ஃப்ரீயா?

செல்வி, 7:45
ஃப்ரீதான். ஒரே ஊசின்னு போட்டிருக்கு

செந்தில், 7:51
*பலமுறை அனுப்பப்பட்டது*
🚨பெண் குழந்தையைப் பெற்றவர்களே உஷார்🚨 இந்த ஊசி போட்ட பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பை சுருங்கிவிடும். பின்னாளில் குழந்தை தங்காது. 2010ல் ஆந்திராவிலும் குஜராத்திலும் 7 பிள்ளைகள் இறந்ததை மறைத்துவிட்டார்கள். உங்கள் பிள்ளையைக் காப்பாற்ற 10 பேருக்கு அனுப்பவும்🙏

செல்வி, 7:52
அய்யோ

மணி, 7:52
செந்தில் மச்சான், போன மாசம் முருங்கைக்கீரையும் மோரும் சேந்தா விஷம்னு அனுப்புனதும் நீங்கதான

செந்தில், 7:53
வந்ததை அனுப்பறேன். நம்பறதும் நம்பாததும் அவங்கவங்க இஷ்டம். நான் இந்தக் குடும்பத்துல என்ன சொன்னாலும் எடுபடாதுன்னு தெரியும். கோயில் பத்திரிக்கையில பேரே போடல

மணி, 7:53
ஆரம்பிச்சுட்டாரு

வாத்தியார் சித்தப்பா, 8:20
செல்வி, அவசரப்பட வேண்டாம். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கேன்சர் என்றால் தலையெழுத்து என்று நினைத்த காலம் உண்டு. கர்ப்பப்பை வாய் கேன்சர் அப்படி அல்ல, ஒரு வைரஸால் வருவது. ஜெர்மனியில் ஹெரால்ட் சுர் ஹவுசன் என்பவர் மருவை உண்டாக்கும் எச்பிவி என்ற வைரஸ் குடும்பம்தான் காரணம் என்று 1970களிலேயே சொன்னார். மற்றவர்கள் வேறொரு வைரஸைத் துரத்திக்கொண்டு இருந்தார்கள், இவர் பேச்சை யாரும் கேட்கவில்லை. 1983ல் 16ஆம் நம்பர் வைரஸைக் கட்டியிலிருந்தே பிரித்துக் காட்டினார், அடுத்த வருஷம் 18ஆம் நம்பர். இந்த ரெண்டு வைரஸும்தான் பத்தில் ஏழு கேஸுக்குக் காரணம். 2008ல் நோபல் பரிசு. (தொடரும்)

மணி, 8:21
தொடருமா

வாத்தியார் சித்தப்பா, 8:27
தடுப்பூசி ஆஸ்திரேலியாவில் பிறந்தது. இயன் ஃபிரேசர் என்பவரும் சீனாவிலிருந்து போன ஜியன் ஷோ என்பவரும் 1991ல் அந்த வைரஸின் மேல் ஓட்டை மட்டும் ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். உள்ளே சரக்கு கிடையாது. கடலைத் தொலி மாதிரி, பருப்பு இல்லை. உடம்பு அந்தத் தொலியைப் பார்த்தே எதிர்ப்பு சக்தியை உண்டாக்கிக்கொள்ளும். உள்ளே ஒன்றுமே இல்லாததால் நோய் வர வழியில்லை. கர்ப்பப்பைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, கையில்தான் போடுவார்கள். பாவம் அந்த ஷோ 1999லேயே இறந்துவிட்டார். ஊசி கைக்கு வந்தது 2006ல்.

செல்வி, 8:29
அந்த 7 பிள்ளைங்க விஷயம் நெசமா சித்தப்பா?

வாத்தியார் சித்தப்பா, 8:38
இறந்தது நெசம். கமிட்டி போட்டு விசாரித்தார்கள். ஒரு பிள்ளையைப் பாம்பு கடித்தது, ஒன்று தண்ணீரில் மூழ்கியது, பூச்சிமருந்து குடித்தது, மலேரியா இப்படி. ஊசியால் இல்லை என்றுதான் முடிவு. ஆனால் மாப்பிள்ளை அனுப்பியதில் பாதி நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆந்திராவில் பெற்றவர்களிடம் கேட்காமல் ஹாஸ்டல் வார்டனே ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அது பெரிய தப்பு. பார்லிமென்ட் கமிட்டியே கண்டித்தது.

செந்தில், 8:39
பாதி நியாயம்னு வாத்தியாரே சொல்லிட்டாரு. பாத்துக்குங்க

மணி, 8:40
நாளைக்கு முருங்கை என்ன வெலைக்கு எடுக்கறாங்க? யாராச்சும் மார்க்கெட் போனீங்களா

செந்தில், 8:40
இறங்கிருச்சு. பறிகூலிக்குக் கட்டாது. செடியிலயே விடு

வாத்தியார் சித்தப்பா, 8:52
இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே நேரத்தில் வேறொரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. 10லிருந்து 18 வயது வரை 20,000 பிள்ளைகளுக்குப் போட்டு, மூன்று ஊசி வேண்டுமா, ரெண்டு போதுமா என்று பார்ப்பதாகத் திட்டம். 2009ல் ஆரம்பித்தார்கள். நம்ம திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை ஆஸ்பத்திரியும் அதில் ஒரு சென்டர். ஆந்திரா விவகாரம் வெடித்ததும் 2010 ஏப்ரலில் கவர்மென்ட் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டது. ஏறக்குறைய 5,000 பிள்ளைகள் ஒரே ஊசியோடு நின்றுபோனார்கள். வேறு யாராக இருந்தாலும் மூட்டையைக் கட்டியிருப்பார்கள். இவர்கள் அந்தப் பிள்ளைகளை விடாமல் 10 வருஷம் பார்த்துக்கொண்டே வந்தார்கள். 2021ல் ரிசல்ட் வந்தது. மூன்று ஊசி போட்டவர்களுக்கும் ஒரே ஊசி போட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. 16, 18ஆம் நம்பர் வைரஸ் உடம்பில் தங்கிவிடுவதை 95 சதவீதம் தடுக்கிறது. அடுத்த வருஷம் உலக சுகாதார நிறுவனம் ஒரு ஊசியே போதும் என்றது. யாழினி ஃபாரத்தில் 'ஒரே ஊசி' என்று இருக்கிறதே, அது அப்படி வந்தது.

மணி, 8:53
தடுக்கி விழுந்த எடத்துல பொதையல்

செல்வி, 8:54
இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் சித்தப்பா

வாத்தியார் சித்தப்பா, 8:56
2001ல் கர்ப்பப்பை வாய் கேன்சர் டெஸ்ட் கேம்ப்புக்கு என் ஏழாம் கிளாஸ் ரூமைத்தான் குடுத்தேன். அன்றிலிருந்து இந்தச் சேதி எங்கு வந்தாலும் படிக்கிறேன்

ராஜாமணி அத்தை, 9:03
செல்வி கண்ணு அந்த பள்ளிக்கூடத்துல சேலைய கட்டி மறச்சு படுக்க வச்சு எனக்கு விநாயகர் தடவி பாத்தாங்க

மணி, 9:03
விநாயகரா??

செல்வி, 9:04
வினிகர்டா. அத்தை பேசிப் பேசி டைப் பண்றாங்க, அது அப்படி எழுதுது

மணி, 9:04
😂😂 முன்னாடி அத்தை 'எரும்பக்குழம்பு'ன்னு அனுப்புனப்பவே நெனச்சேன்

வாத்தியார் சித்தப்பா, 9:12
வினிகர்தான், அதாவது காடி. கேலி பண்ணாதே மணி. இந்தக் கேன்சருக்குப் பாப் ஸ்மியர் என்று அமெரிக்காவில் ஒரு டெஸ்ட், கிரீஸ் நாட்டிலிருந்து போன பாப்பனிகோலாவ் கண்டுபிடித்தது. 1928லேயே சொன்னார், 1943ல் புத்தகம் வந்த பிறகுதான் உலகம் நம்பியது. தன் மனைவியையே வருஷக்கணக்கில் டெஸ்ட் எடுத்துத்தான் படித்தார்.

செல்வி, 9:13
எல்லா ஊர்லயும் பொண்டாட்டி தலையிலதான்

வாத்தியார் சித்தப்பா, 9:19
அதற்கு மைக்ரோஸ்கோப் வேண்டும், பார்த்துச் சொல்லப் படித்தவர்கள் வேண்டும், ரிசல்ட்டுக்குத் திரும்ப வர வேண்டும். களை எடுக்கப் போகிறவள் ரெண்டாம் தடவை வருவாளா? அதனால் தண்ணி கலந்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிஷம் பார்ப்பது. கெட்டுப்போகத் தொடங்கின இடம் வெள்ளையாகத் தெரியும். டாக்டர்கூட வேண்டாம், பயிற்சி குடுத்த நர்ஸ் போதும். இது வேலைக்கு ஆகுமா என்று முதலில் நிரூபித்துக் காட்டினது நம்ம திண்டுக்கல் மாவட்டத்தில். சங்கரநாராயணன் என்ற டாக்டர் பிரான்ஸில் லியோனில் இருந்துகொண்டு அம்பிளிக்கைக்காரர்களோடு சேர்ந்து செய்தார். 2007ல் லான்செட் மருத்துவப் பத்திரிகையில் வந்தது. கேன்சர் வருவது 25 சதவீதம் குறைந்தது, சாவு 35 சதவீதம் குறைந்தது. உலகம் பூரா ஏழை நாடுகளில் இன்றைக்கு இதைச் செய்கிறார்கள் என்றால்

வாத்தியார் சித்தப்பா, 9:19
தவறுதலாக அனுப்பிவிட்டேன். மீதி வருகிறது

ராஜாமணி அத்தை, 9:22
எனக்கு வெள்ளையா தெரிஞ்சுச்சு அப்புறம் ஒரு கம்பி மாதிரி வச்சு ஐஸ் கட்டற மாதிரி ஜில்லுன்னு பண்ணாங்க ஒண்ணும் வலி இல்ல சாயங்காலம் மாட்டுக்கு தண்ணி காட்டுனேன்

செல்வி, 9:23
அத்தை!! இது எங்களுக்கெல்லாம் தெரியவே தெரியாதே

செந்தில், 9:24
அத்தை நாளைக்குப் பேசிக்கலாம். குரூப்ல ஆம்பளைங்க எல்லாம் இருக்காங்க

செல்வி, 9:24
இருந்தா கேக்கட்டும் அண்ணா

வாத்தியார் சித்தப்பா, 9:26
எப்படி நிரூபித்தார்கள் என்பதுதான் முக்கியம். மாவட்டத்தில் 114 பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்குகிற மாதிரி சரிபாதியாகப் பிரித்து 57க்கு டெஸ்ட், 57க்கு டெஸ்ட் இல்லாமல் வழக்கம்போல. 30லிருந்து 59 வயதுப் பொம்பளைகள். டெஸ்ட் பக்கம் 49,311 பேர், அந்தப் பக்கம் 30,958 பேர். சில வருஷம் கழித்து ரெண்டு பக்கமும் எத்தனை சாவு என்று எண்ணிப் பார்த்தால்தானே வித்தியாசம் தெரியும்?

பானு, 9:31
எங்க ஊரு எந்தப் பக்கம் மாமா

வாத்தியார் சித்தப்பா, 9:38
*இந்தத் தகவல் நீக்கப்பட்டது*

செந்தில், 9:40
அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு டாடா ஏஸ் சொல்லியாச்சு. காலைல 5 மணிக்கு வந்துரும். பாத்திரம் யாரு எடுக்கறது?

மணி, 9:41
மச்சான் கொஞ்ச நேரம் சும்மா இருங்க

பானு, 9:47
நான் சண்டைக்குக் கேக்கல. அப்ப எனக்கு 6 வயசு. எங்க ஊருக்கு யாரும் வரல, அது எனக்கே தெரியும். 2008ல அம்மா போனாங்க. எண்ணிப் பாத்த சாவுல அம்மாவும் உண்டா இல்லியான்னுதான்

வாத்தியார் சித்தப்பா, 9:58
கண்ணு, அந்தக் கணக்கு 2006 வரை. உங்க ஊர் அந்த 114ல் இருந்ததா என்றே எனக்குத் தெரியாது. நம்ம நாட்டில் அன்றைக்குக் கிராமங்களில் வழக்கமாக இந்த டெஸ்ட் கிடையாது, யாருக்கும் குடுத்துக்கொண்டிருந்ததைப் பிடுங்கவில்லை. அப்படித்தான் அவர்கள் சொன்னார்கள்.

பானு, 9:59
ம்

வாத்தியார் சித்தப்பா, 10:03
இல்லை, அதை ஏற்காத டாக்டர்களும் இருந்தார்கள். காப்பாற்றும் என்று கொஞ்சமாவது தெரிந்த ஒன்றைப் பாதிப் பேருக்குக் குடுக்காமல் வைக்கலாமா என்று கேட்டார்கள். எனக்கும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. உங்க ஊர் 9 மைல்தான் தள்ளி. உங்கம்மா சரோஜாவை ஒருநாள் சைக்கிளில் வைத்து அழைத்து வந்திருக்கலாம். என் கிளாஸ் ரூமில்தான் நடந்தது

மணி, 10:04
சித்தப்பா விடுங்க

ராஜாமணி அத்தை, 10:09
சரோசா எங்கிட்ட சொன்னா வெள்ளபடுது இடுப்பு வலிக்குதுன்னு நான் தான் சூடு வெந்தயம் ஊற வச்சு குடி சரியா போயிடும்னு சொன்னேன்

பானு, 10:11
பெரியம்மா நீங்க டெஸ்ட் எடுத்து சரியானதை அம்மாகிட்ட சொல்லியிருந்தீங்கன்னா

ராஜாமணி அத்தை, 10:14
எப்படி கண்ணு சொல்றது உங்க பெரியப்பாவுக்கே தெரியாது கண்ணாஸ்பத்திரி போனேன்னு சொல்லிட்டுதான் போனேன் சொன்னா கேன்சர் காரின்னு பேராயிரும் ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது

செந்தில், 10:16
அத்தை, எனக்குப் பொண்ணு குடுக்கறப்பவா?

ராஜாமணி அத்தை, 10:17
ஆமா மாப்ள

செந்தில், 10:22
சொல்லியிருந்தாலும் கட்டியிருப்பேன் அத்தை

மணி, 10:23
❤️

பானு, 10:25
தூங்குங்க பெரியம்மா. மணியாச்சு. காலைல பேசறேன்

வெள்ளி

செல்வி, காலை 6:50
அவரு ராத்திரி 1 மணிக்குக் கூப்பிட்டாரு. போட்டுக்கலாம்னுட்டாரு. ஆனா அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் இருக்கு, ஊசி போட்டுக் காய்ச்சல் வந்துச்சுன்னா பொங்க வைக்க முடியாது, முடிஞ்சப்புறம் போடச் சொல்றாரு. திங்கக்கிழமை ஃபாரம் குடுக்கணுமே?

பானு, 6:58
மதினி ஃபாரம் குடுத்தா அன்னைக்கேவா போடப் போறாங்க? தேதி கேளுங்க. கை வலிக்கும், சிலருக்கு லேசா காய்ச்சல் இருக்கும். ஒரு நாள்தான்

வாத்தியார் சித்தப்பா, 7:05
வயதுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 9லிருந்து 14க்குள் போட்டால் பலன் அதிகம், ஏனென்றால் வைரஸ் உடம்புக்குள் வருவதற்கு முன்

மணி, 7:05
வாத்தியாரே காபி குடிச்சாச்சா

செல்வி, 7:06
அப்பத்தா என்ன சொல்லுமோ. பிள்ளைக்குக் கர்ப்பப்பை ஊசின்னா ஊரையே கூட்டிரும்

மணி, 7:07
அம்மை ஊசின்னு சொல்லு

பானு, 7:09
கண்ணாஸ்பத்திரின்னு சொன்ன மாதிரியா மச்சான்

மணி, 7:10
சரி சரி

பானு, 7:12
மதினி, ஊசி யாழினிக்கு. உங்களுக்கு? 30 தாண்டியாச்சுல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்துல இதே வினிகர் டெஸ்ட் எடுக்கறாங்க, காசு கிடையாது. நான் போன வருஷம் பாத்துட்டேன்

செல்வி, 7:15
எங்கடி நேரம்

பானு, 7:15
புதன்?

செல்வி, 7:16
புதன் தக்காளி நடவு. ஆளுக்குச் சொல்லியாச்சு

பானு, 7:16
வியாழன்

செல்வி, 7:20
பாக்கறேன்

ராஜாமணி அத்தை, 7:31
வேல நாள்ல யாரு வண்டி நானும் வரேன் செல்விக்கு தொணைக்கு

செந்தில், 7:33
ஏஸ் வெள்ளிக்கிழமைக்குத்தான் சொல்லியிருக்கேன். வியாழக்கிழமைன்னா என் பைக்குல ஒரு ஆள்தான் போலாம்

செந்தில், 7:34
பாத்திரம் யாருன்னு இன்னும் யாரும் சொல்லல