பரதம் படித்த முகத்தை வைத்துக்கொண்டு புத்தோ ஆடுவது எப்படி?

அரைமண்டி:
வணக்கம். பிரிக்பீல்ட்ஸ்வாசி, வயது 43. ஏழு வயதில் சலங்கை கட்டி, அரங்கேற்றமும் முடித்தவள். அப்புறம் கல்யாணம், பிள்ளைகள், ஆபீஸ் என்று ஆட்டம் நின்றுபோனது. போன வருஷம் அப்பா தவறியதிலிருந்து மனசு இறுகிக் கிடக்கிறது. அழவும் வரவில்லை. ஜப்பானிய புத்தோ நடனம் பழகினால் உள்ளே இருப்பது வெளியே வரும் என்று தோழி ஒருத்தி செந்தூல் பக்கம் ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டாள்.

சிக்கல் என் முகம்தான். ஆசிரியர் "துக்கம்" என்ற வார்த்தையையே எடுப்பதில்லை. "மார்புக்குள் ஈர மண் இறங்குகிறது" என்பார். அவர் சொல்லி முடிப்பதற்குள் என் புருவம் ஏறிவிடுகிறது, உதடு நடுங்குகிறது. அச்சு அசல் கருணை ரசம், பரதத்தில் சோகம் காட்டும் முகம்! அந்த நேரத்தில் எனக்கு உள்ளே ஒன்றுமே தோன்றவில்லை என்பதுதான் கொடுமை. ஆசிரியர் பக்கத்தில் வந்து தாடையைத் தொட்டு, "இது நடிக்க வேண்டாம்" என்றார். எப்படி நிறுத்துவது? பரதத்திலிருந்து இதற்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? முட்டியும் அவ்வளவு சரியில்லை.

தே_ஓ_கொசோங்:
அக்கா, ஒரு தடவை பார்த்திருக்கிறேன். உடம்பெல்லாம் வெள்ளை பூசிக்கொண்டு ஓர் அடி எடுத்து வைக்க அவ்வளவு நேரம். கூட வந்த அம்மா, "என்னடா இது, சாமி வந்து பாதியிலேயே நின்னுபோச்சா" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

செந்தூல்வாசி:
நானும் பரதத்திலிருந்து போனவள்தான் தங்கச்சி. முகத்தோடு மல்லுக்கட்டாதீர்கள், கண்ணைப் பிடியுங்கள். கை போகும் இடத்துக்குக் கண், கண் போகும் இடத்துக்கு மனசு என்று சுலோகம் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கண்தான் புருவத்தையும் உதட்டையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. கண்ணாடிக் கண் பயிற்சி கேட்டுப் பழகுங்கள்: கண் திறந்திருக்கும், பார்வை எதிலும் நிலைக்காது. அந்தக் கண்ணோடு கருணை காட்டிப் பாருங்கள், வராது.

அடுத்தது பூச்சிப் பயிற்சி, எல்லாம் கற்பனைப் பூச்சிதான். புத்தோவைத் தொடங்கிவைத்த ஹிஜிகாத்தா தத்சுமி தம் ஆட்டக்காரர்களை இந்த மாதிரிச் சொற்களால்தான் ஆட்டிவைத்தார். வலது ஆள்காட்டி விரலில் ஒரு பூச்சி ஏறி முழங்கைப் பக்கம் ஊர்கிறது. இடது கழுத்திலிருந்து இன்னொன்று முதுகில் இறங்குகிறது. தொடையின் உள்பக்கம் ஒன்று. எண்ணிக்கை கூடிக்கூடி உடம்பெல்லாம், கடைசியில் தோலுக்குள்ளும். நமக்கு முதல் பூச்சிக்கே பீபத்ஸம், அதாவது அருவருப்பு ரசம், வந்து மூக்கு சுளித்துக்கொள்ளும்! வழி இதுதான்: விரல் பூச்சியை விடாமலே கழுத்துப் பூச்சியைச் சேர்ப்பது, இரண்டையும் விடாமல் மூன்றாவது. கவனம் மூன்று இடத்தில் இருந்தால் முகத்தை ஓட்ட உள்ளே ஆள் இருக்காது.

அபிநயத்தில் யசோதையாக நின்றால் எதிரே இருப்பவருக்குக் கண்ணன் தெரிய வேண்டும். அது நம் கடமை. புத்தோவில் அந்தக் கடமை கிடையாது. மண் இறங்கினால் தோள் சாயும், மூச்சு குறுகும். துக்கம் வந்தால் வரட்டும். வராத நாளில் வந்த மாதிரி காட்டினீர்கள் என்றால், சொல்கிறேனே, பழைய வகுப்புக்கே திரும்பிப் போகலாம், அங்கே அதை நன்றாகச் செய்வீர்கள்.

வயதைப் பற்றிக் கவலையே வேண்டாம். புத்தோவின் இன்னொரு முன்னோடி ஓனோ கசுவோ 1929-இல் தோக்கியோவில் லா அர்ஹென்டினா என்ற ஸ்பானிய ஆட்டக்காரியைப் பார்த்தார். அந்த நினைவை வைத்து அவர் மேடையேறியது 1977-இல், 71 வயதில், ஹிஜிகாத்தாவின் நெறியாள்கையில். நிற்க முடியாமல் போன பிறகும் உட்கார்ந்தபடி கைகளால் ஆடினார். 2010-இல் காலமானபோது வயது 103.

முட்டிதான் யோசிக்க வேண்டிய விஷயம். கால் மடங்குகிறதே என்று பரதத்தில் முட்டியை மடக்கி நிற்கும் அரைமண்டியைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். இங்கே முதுகு வளையும், எடை பாதத்தின் வெளியோரத்துக்குப் போகும். ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அதிகம் மடக்காமல் உயரமாகவே நில்லுங்கள்.

தம்பி கொசோங், வெள்ளைப் பூச்சு மேடைக்குத்தான். வகுப்புக்குப் பழைய டீ-சட்டை போதும். நம் ஊருக்கு இது புதுசும் இல்லை. லீ ஸ்வீ கியோங்கின் நியோபா கான் குழு கோலாலம்பூரில் எத்தனையோ காலமாக இதைச் செய்திருக்கிறது.

பினாங்கு_நர்ஸ்:
நடனம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் இருந்தால் டாக்டரையும் பாருங்கள். நடன ஆசிரியர் அதற்கு ஆள் இல்லை. வகுப்பு முடிந்த கையோடு கார் ஓட்டவும் வேண்டாம், ஏதாவது குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அரைமண்டி:
எல்லாருக்கும் நன்றி. தூங்குகிறேன், சாப்பிடுகிறேன், அதில் குறையில்லை. அக்கா, பூச்சியை வீட்டில் முயன்றேன். விரலும் கழுத்தும் நிற்கின்றன. தொடைக்குப் போனதும் விரல் காணாமல் போகிறது. மூச்சை எங்கே வைப்பது?

செந்தூல்வாசி:
மூச்சைத் தொடவே தொடாதீர்கள், அது தானாக மாறும். இந்த வாரம் இரண்டு பூச்சியோடே இருங்கள். முதுகில் இறங்குவது தெரியவில்லை என்றால் முதலில் சுவரில் சாய்ந்து செய்யுங்கள், அப்புறம் சுவரை விட்டு வரலாம்.