தரங்கம்பாடிக் காசை எந்தத் தட்டியில் வைப்பது?

பொறையாறான்:
எங்கள் ஊர்ப் பள்ளிக் கண்காட்சியில் பழங்காசுகளை ‘சோழமண்டலக் காசுகள்’, ‘அந்நியர் காசுகள்’ என்று இரண்டு தட்டிகளாகப் பிரித்திருக்கிறார்கள். டென்மார்க்கிலிருந்து வந்த டேனியர் தரங்கம்பாடியில் அடித்த காசு இரண்டாவதில் இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. இந்த மண்ணில், இந்த ஊர்க் கடைத்தெருவுக்காக அடித்த காசு அது. என்ன சொல்கிறீர்கள்?

குடந்தை வாசகன்:
தட்டி சரியாகத்தான் இருக்கிறது தம்பி. காசடிப்பது அரசுரிமை. அந்தச் செப்புக்காசில் இருப்பது கிரீடமும் டென்மார்க் மன்னரின் பெயரெழுத்தும். ராஜராஜன் காசைப் பாருங்கள்: ஒருபக்கம் நின்ற உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், பக்கத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’. இலங்கையில் பொலன்னறுவை மன்னர்கள்கூடப் பிறகு அதே மாதிரியில்தான் அடித்தார்கள். பெரிய கோயில் கல்வெட்டைப் படித்தால், கோயில் பணத்தை வாங்கிய ஊர்ச் சபைகள் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி கட்டியது தெரியும். அது இந்த மண்ணின் காசு. கோட்டைக்குள் இருந்த டேனிய வணிகக் கம்பெனியின் காசும் அதுவும் ஒன்றா?

பொறையாறான்:
முத்திரைதான் கணக்கு என்றால் ஒரு கேள்வி சார். ராஜராஜன் காசில் இருப்பது நாகரி எழுத்து, தமிழ் எழுத்து இல்லை. நாகப்பட்டினத்தில் டச்சுக் கம்பெனி அடித்த செப்புக்காசில் தெய்வ உருவமும் தமிழில் ஊர்ப் பெயரும் இருக்கின்றன. அதை எந்தத் தட்டியில் வைப்பீர்கள்?

குடந்தை வாசகன்:
அந்நியர் தட்டியில்தான். கடைக்காரர் தயங்காமல் வாங்க வேண்டும் என்று அம்மனைப் போட்டார்கள். எந்த உலோகம், எவ்வளவு எடை என்று முடிவு செய்தது கம்பெனி, காசடித்த லாபமும் கம்பெனிக்கு. டேனியரும் அப்படித்தான். 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்களே, ஊர் ஜனங்களை யார் கேட்டார்கள்? விற்ற வருஷத்திலும் ‘4 காசு’ மதிப்புள்ள நாணயம் அடித்திருக்கிறார்கள்!

நாகை அலை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஈயக்காசை இரண்டு பேரும் தொடவே இல்லை. செம்புக்கு முன்னால் தரங்கம்பாடியில் புழங்கியது ஈயம். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுக் கோட்டை கட்டியவர்களுக்கு, 1640களின் தொடக்கத்திலிருந்து 1669 வரை தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. கடைசியில் எஸ்கில் கொங்ஸ்பாக்கே என்ற ஒரே ஒரு டேனியர் மிஞ்சி, உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்தார். 1648 முதல் 1670 வரை ஆண்ட டென்மார்க் மன்னர் மூன்றாம் பிரெடரிக் பெயரிலும் ஈயக்காசு இருக்கிறது. அப்படியானால் அந்த வருஷங்களில் அச்சின் மேல் சுத்தியல் போட்ட கை யாருடையது? வாங்கிப் புழங்கியது யார்? கோபன்ஹேகனிலா மீன் விற்றார்கள்?

அப்புறம் கணக்கு முறை. 80 காசு சேர்ந்தால் ‘பணம்’ என்ற ஒரு நாணயம். சென்னையில் ஆங்கிலேயரும் அதையேதான் வைத்திருந்தார்கள். வந்தவர்கள் நம் கணக்குக்கு மாறினார்களே தவிர நாம் மாறவில்லை.

குடந்தை வாசகன்:
சுத்தியல் போட்டவர் நம் ஆளாகவே இருக்கட்டும். கூலிக்கு அடித்தவருக்குக் காசின் மேல் என்ன உரிமை? நீங்கள் புழக்கத்தைச் சொல்கிறீர்கள், நான் அதிகாரத்தைச் சொல்கிறேன். பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கவலை.

பொறையாறான்:
அதிகாரத்தை மட்டும் சொன்னால், அந்தக் காசைக் கொடுத்துக் கீரை வாங்கிய கிழவி வரலாற்றிலேயே இல்லாமல் போய்விடுகிறாள் சார். தங்கமும் வெள்ளியும் கப்பல் வியாபாரத்துக்குப் போயின. இந்தச் சில்லறை அவள் முந்தானை முடிச்சில் இருந்தது. நான் தட்டியை மாற்றச் சொல்லிக் கேட்கத்தான் போகிறேன். அட்டையில் முதல் வரி ‘தரங்கம்பாடி’, மன்னர் பெயர் அடுத்த வரி.

குடந்தை வாசகன்:
ஊர்ப் பெயர் முதலில் வரட்டும், மறுக்கவில்லை. ‘கம்பெனி அடித்தது’ என்பதும் அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். தட்டி விஷயத்தில் என் ஓட்டு மாறாது.