மறு: திரைக்கதையில் 'பீட்' – துடிப்பா, அசையா, நகர்வா?

அனைவருக்கும் வணக்கம். திரைக்கதை எழுத்தில் புழங்கும் 'பீட்' (beat) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்ற கேள்விக்கு என் பதில்.

> 'பீட்' என்றால் துடிப்புதானே? அதையே வைத்துவிடலாம்.

வைக்கலாம்தான். ஆனால் ஒரு வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். முதல் திரைக்கதையை எழுதிக்கொண்டு வந்தவரிடம் "இந்தக் காட்சியில் துடிப்பு இல்லை" என்றால், விறுவிறுப்பு போதவில்லை என்று எடுத்துக்கொண்டு ஒரு துரத்தலைச் சேர்த்துவிடுவார். நாம் சொல்ல வந்தது வேறு: காட்சி தொடங்கியபோது இருவரும் இருந்த நிலையிலேயே முடியும்போதும் இருக்கிறார்கள். 'திருப்பம்' இன்னும் ஆபத்து; அது 'ட்விஸ்ட்'டுக்கு எப்போதோ போய்விட்டது.

சொல்லுக்கு முன் பொருளைப் பிரித்துக்கொள்வோம். வசனத்துக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் வரும் பீட், சிறு இடைநிறுத்தம். எழுத உட்காருமுன் போடும் பட்டியலில் வருவது, கதையின் முக்கிய நிகழ்வு. காட்சிக்குள் வருவது, ஒருவர் செய்வதும் அதற்கு மற்றவர் காட்டும் எதிர்வினையும் சேர்ந்த மிகச் சிறிய அலகு. புதிதாக எழுதுகிறவர் மூன்றையும் ஒன்றென்று எண்ணித்தான் குழம்புகிறார். முதலாவதற்குப் புதுச்சொல்லே வேண்டாம், நாடகப் பிரதியில் போடுவதுபோல 'மௌனம்' போதும். இரண்டாவதற்குக் 'கதைக்கட்டம்'. மூன்றாவதற்குத்தான் 'நகர்வு' என்கிறேன்.

ஒரு காட்சி. தங்கை வண்டிச் சாவி கேட்கிறாள். அண்ணன் செல்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே "முடியாது" என்கிறான். கெஞ்சுகிறாள், மறுக்கிறான், மறுபடி கெஞ்சுகிறாள், மறுபடி மறுக்கிறான். எட்டு வரி வசனம் போனாலும் இது ஒரே நகர்வு. அப்புறம், "நேத்து ராத்திரி நீ எத்தனை மணிக்கு வந்தேன்னு அப்பாவுக்குத் தெரியுமா?" என்கிறாள். அவன் தலை நிமிர்கிறது. இது இரண்டாவது. சாவியை நீட்டுகிறான், ஆனால் கையை விடவில்லை: "நானும் வரேன்." மூன்றாவது.

பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் என்ற வழக்கமான கணக்கில் இது ஒரு நிமிடக் காட்சி. அதில் பாதியைக் கெஞ்சலே தின்றால், எங்கே வெட்டுவது என்று நகர்வு பிரித்ததும் தெரிந்துவிடும். முழுநீளப் படத்துக்கு 90 முதல் 120 பக்கம் எழுத வேண்டியவருக்கு இந்த நகர்வுக் கணக்கு இரண்டாம் வரைவில்தான் கைகொடுக்கும். முதல் வரைவில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எழுத்து ஓடாது.

> 'அசை' எப்படி? அசை, சீர், அடி என்பதுபோல அடுக்கிக்கொண்டும் போகலாம்.

அழகுதான், எனக்கும் சபலம் தட்டியது. ஆனால் யாப்பில் அசைக்கு அளவு உண்டு. நகர்வு ஒரு பார்வையிலும் முடியும், இரண்டு பக்கமும் ஓடும்.

கேமரா நகர்வோடு குழம்பாதா என்ற கேள்வி நியாயமானது. அங்கே 'கேமரா' எப்போதும் முன்னால் ஒட்டிக்கொண்டு வருமே. அப்படியும் சந்தேகம் வருமிடத்தில் 'காட்சியின் நகர்வு' என்று எழுதிவிடலாம்.

----------

நகர்வு சரி. 'கதைக்கட்டம்'தான் இடிக்கிறது. 'இறுதிக்கட்டம்' என்றால் அது நீண்ட பகுதி. பட்டியலில் வருவதோ ஒற்றை நிகழ்வு. 'கதைப்புள்ளி' என்றால் என்ன? 'புள்ளிப் பட்டியல்' என்றும் சொல்ல வரும்.

----------

கதைப்புள்ளி நன்றாக இருக்கிறது, என்னுடையதை விலக்கிக்கொள்கிறேன். 'புள்ளிப் பட்டியல்' மட்டும் வேண்டாம், யார் முதலிடம் என்று கேட்பார்கள். 'கதைப்புள்ளி வரிசை' என்றே இருக்கட்டும். காட்சியின் இடத்தையும் நேரத்தையும் சொல்லும் தலைப்பு வரியான 'ஸ்லக்லைன்' பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.