முதல் முழுநாள் பட்டினி: பசி எது, பசி மாதிரி வருவது எது

சித்திரை மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 5.9 சதவீதம் என்று வந்தது. "சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது. மாத்திரை வேண்டாம், சாப்பாட்டைக் கவனியுங்கள்" என்றார் டாக்டர். நான் உட்கார்ந்தே வேலை பார்ப்பவன். பதினோரு மணிக்கு டீயோடு ஒரு வடை, நாலு மணிக்கு காபியோடு முறுக்கு, வீட்டுக்கு வந்ததும் கைக்கு அகப்பட்டது. இதில் எது பசி, எது பழக்கம் என்று தெரிந்துகொள்ளத்தான் ஒரு முழு நாள் பட்டினி இருந்து பார்க்க நினைத்தேன். இளைக்க வேண்டும் என்பது நோக்கமில்லை. மாத்திரை எதுவும் எடுக்காதவன் என்பதால் டாக்டரும் சரி என்றார். தண்ணீரை விடக்கூடாது, தலை சுற்றினால் அந்த நிமிடமே நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை.

எங்களுக்குக் கோயமுத்தூர். அம்மா வருடா வருடம் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருப்பவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் பேசியது சாப்பாட்டைப் பற்றி அல்ல. "காப்பிய ஒரேயடியா நிறுத்தீராத கண்ணு, மண்டையப் பொளந்துரும். இப்பிருந்தே கொஞ்சங் கொஞ்சமா கொறச்சுக்க" என்றார். அப்படியே செய்தேன். இதன் அருமை பிறகுதான் தெரிந்தது. அலுவலக நண்பர் ஒருவர் அதே வாரம் காபி, சாப்பாடு இரண்டையும் ஒரே நாளில் விட்டார். சாயங்காலம் நெற்றிப்பொட்டு தெறிக்கும் தலைவலி. 'பட்டினி நமக்கு ஒத்துவராது' என்று அத்தோடு முடித்துக்கொண்டார். தினமும் காபி குடிப்பவர் நிறுத்தினால் 12 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் அந்தத் தலைவலி வருவது வழக்கம். அது காபிக்கான ஏக்கமே தவிர பசி இல்லை. பிறகு அதே நண்பர் இன்னொரு முறை சர்க்கரை, பால் இல்லாத கடுங்காபி மட்டும் குடித்துக்கொண்டு இருந்து பார்த்தார், தலைவலியே இல்லை.

சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு ராகிக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டதோடு நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை காலை எந்தத் தொந்தரவும் இல்லை. பதினோரு மணிக்குச் சரியாக வாய் ஊறியது, வடை நேரம். பெரிய சோதனை ஒரு மணிக்குத்தான். வீட்டில் அன்று அரிசிம்பருப்புச் சாதம். சின்ன வெங்காயமும் பூண்டும் நெய்யில் வதங்கும் வாசனை கூடத்துக்கு வந்தபோது வயிறு உள்ளுக்குள் திருகிக்கொண்டது, கையில் இருந்த செய்தித்தாளில் ஒரு வரி கூட ஏறவில்லை. ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு மாடியில் காய்ந்த துணிகளை மடிக்கப் போனேன். கீழே இறங்கி வந்தபோது மணி இரண்டரை. பசி இல்லை! சாப்பிட்டு அடங்கவில்லை, தானாகவே போயிருந்தது. நாலு மணிக்கு மறுபடி வந்தது, முன்னைவிடச் சின்னதாக. இரவு எட்டு மணிக்கு வந்தபோது பழகிய ஆளைப் பார்ப்பதுபோல் இருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை ஒட்டி ஏறும், சாப்பிடாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். இது தெரியாதவரை, ஒரு மணிப் பசி இப்படியே கூடிக்கொண்டே போய் ராத்திரிக்குள் நம்மைச் சாய்த்துவிடும் என்றுதான் பயம் இருக்கும். அந்தப் பயம் போனதுதான் எனக்கு இந்தச் சோதனையில் கிடைத்த பெரிய லாபம்.

இரவில் பசியைவிட வேறு இரண்டு விஷயங்கள் தொல்லை கொடுத்தன. ஒன்று, கட்டிலிலிருந்து சட்டென்று எழுந்தபோது ஒரு நொடி கண் இருட்டிக்கொண்டு வந்தது, தலை சுற்றவில்லை. சாப்பிடாமல் இருக்கும்போது இன்சுலின் குறையும், அதோடு சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியேற்றும், கூடவே தண்ணீரும் போய் ரத்த அழுத்தம் இறங்கும். எனக்கு ரத்தக் கொதிப்பு கிடையாது என்பதால், அரை டம்ளர் வெந்நீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடித்தேன், எழும்போது நிதானமாக எழுந்தேன், சரியாயிற்று. இன்னொன்று, தூக்கம். கால் சில்லிட்டு, மனம் மட்டும் விழித்துக்கொண்டே இருந்தது. கல்லீரலில் சேமிப்பாக இருக்கும் சுமார் 100 கிராம் கிளைக்கோஜன் (சர்க்கரையை உடம்பு சேர்த்து வைக்கும் வடிவம்) ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துவிடும். அது குறையக் குறைய உடம்பு கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன் என்ற மாற்று எரிபொருளை எடுக்கத் தொடங்கும். அந்த மாற்றத்தின்போது பலருக்கு இப்படித் தூக்கம் கலைகிறது. மறுநாள் வேலை இருப்பவர்கள் இதையும் யோசித்து நாளைத் தேர்ந்தெடுங்கள்.

திங்கள் காலை எட்டு மணிக்கு சர்க்கரை 81. எடை ஒன்றரைக் கிலோ குறைவு. அதைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட வேண்டாம். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். போனதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீரும் உப்போடு போன தண்ணீரும்தான், அந்த வாரத்திலேயே திரும்பிவிட்டது.

விரதத்தை முடிப்பதை அம்மா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். முதலில் உப்புப் போட்ட நீர்மோர், அரை மணி கழித்து நொய்யரிசிக் கஞ்சி, மதியம்தான் சாதம். ஏகாதசி இருப்பவர்கள் துவாதசியன்று அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் வைத்துப் பாரணை செய்வதும், ரம்ஜான் நோன்பைப் பேரீச்சையும் கஞ்சியுமாகத் திறப்பதும் சும்மா வந்த முறைகள் இல்லை. ஒரு நாள் பட்டினிக்குப் பிறகு பிரியாணி தின்றால் வயிற்றுப் பிசைவோடு போய்விடும். பல நாள் பட்டினி கிடந்தவர் அப்படித் தின்றால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சரிந்து உயிருக்கே ஆபத்து. இரண்டாம் உலகப் போரில் சிறைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களிடம் மருத்துவர்கள் பார்த்து அறிந்த விஷயம் இது.

நான் சொல்லக் கேட்டு ஆர்வமான ஒரு தம்பி, ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் பார்பியரி 382 நாள் உணவே இல்லாமல் இருந்தாரே, ஒரு வாரம் என்ன பெரிசு என்றான். 1965-இல் டண்டீ நகரில் தொடங்கிய அந்தப் பட்டினி முழுக்க மருத்துவர்கள் கண்காணிப்பில் நடந்தது. வைட்டமின் கொடுத்தார்கள், ரத்தத்தைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். அந்தக் காலத்தில் அப்படிச் சிகிச்சைக்காகப் பட்டினி இருந்தவர்களில் இறந்தவர்களும் உண்டு. பட்டினி இருந்தால் ஆட்டோபேஜி (செல் தன் பழைய பாகங்களைத் தானே சிதைத்து மறுபடி பயன்படுத்துவது) கூடும் என்ற பேச்சும் அப்படித்தான். யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் கிடைத்தது ஈஸ்ட் செல்களில் அவர் செய்த ஆய்வுக்காக. நம் உடம்பில் எத்தனையாவது மணியில் அது கூடுகிறது என்று வீட்டில் அளக்க எந்தக் கருவியும் இல்லை. சீனாவின் குவாங்சோவில் உடல்பருமன் உள்ள 139 பேரை ஒரு வருடம் கவனித்து 2022-இல் வெளியான ஆய்வில், கலோரியைக் குறைத்து எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டவர்களுக்கும் நேரக் கட்டுப்பாடு இல்லாமல் கலோரியை மட்டும் குறைத்தவர்களுக்கும் எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆகவே நான் இப்போது பட்டினியைத் தொடரவில்லை. பதினோரு மணி வடையையும் நாலு மணி முறுக்கையும் விட்டேன், இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கு மாற்றினேன். அடுத்த பரிசோதனையில் சராசரி 5.7.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம். என் மாமனார் சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு மாத்திரை எடுப்பவர். "நானும் ஒரு நாள் இருந்து பாக்கறனுங் மாப்ளை" என்றார். டாக்டரிடம் அழைத்துப் போனேன், கண்டிப்பாகக் கூடாது என்றுவிட்டார். அந்த மாத்திரை நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும், வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே ஆபத்து. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிப்ளோசின் வகை மாத்திரை என்றால் சர்க்கரை அதிகம் ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடிவிடக்கூடும். கர்ப்பிணிகள், பிள்ளைகள் பக்கமும் இதைக் கொண்டுபோக வேண்டாம்.

இப்படி மாத்திரையோ ஊசியோ எடுக்கும் ஒருவர் சாப்பிடத் தாமதமாகி, குப்பென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சு தடுமாறினால் அது காத்திருந்தால் போய்விடும் பசி அல்ல. உடனே சர்க்கரையைப் பாருங்கள், கருவி இல்லையென்றாலும் தாமதிக்காதீர்கள். 70-க்குக் கீழே என்றாலோ, பார்க்க வழியில்லை என்றாலோ மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். விழுங்க முடியாத நிலையில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குக் கூப்பிடுங்கள்.