அறக்கட்டளையின் நிதியும் நிர்வாகச் செலவும்

கேள்வி: முதியோருக்கு உணவும் மாணவர்களுக்கு மாலை வகுப்பும் வழங்கும் எங்கள் பகுதி அறக்கட்டளைக்கு நன்கொடை அளிக்க விரும்புகிறேன், ஆனால் அதன் ஆண்டறிக்கையில் ஊதியம், வாடகை ஆகியவற்றுக்கும் பணம் செலவாகியிருப்பதைக் காண்கிறேன். இது முறையா?

மறுமொழி 1: முறையே. ஒரு திட்டத்துக்கென்று பெறப்பட்ட மானியத்தை, வழங்கியவரின் ஒப்புதலின்றி வேறு எதற்கும் செலவிடக் கூடாது என்பதால், வாடகை, தணிக்கை, ஒருங்கிணைப்பாளரின் ஊதியம் ஆகியவை பெரும்பாலும் நிபந்தனையற்ற நன்கொடைகளிலிருந்தே ஈடுகட்டப்படுகின்றன. தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து மேற்பார்வையிடவும் ஆள் வேண்டும் அல்லவா?

மறுமொழி 2: நான் ஓர் அறக்கட்டளையின் கணக்குகளைக் கவனித்து வருகிறேன். ஒரே மானியத்தை நம்பியிருக்கும் திட்டம், அது முடிந்ததும் நின்றுபோகக்கூடும். அப்போது தவித்துப்போவது அந்த உணவை நம்பியிருந்த முதியவர்தாம். ஆகவே, சிறிய தொகையாயினும் மாதந்தோறும் தவறாமல் வருவதையே நாங்கள் பெரிதும் மதிக்கிறோம். சில மாதச் செலவுக்கேனும் இருப்பு நிதி உள்ளதா என்று விசாரியுங்கள்.

மறுமொழி 3: தணிக்கை செய்யப்பட்ட கணக்கையும் கேளுங்கள். காட்ட மறுத்தால் கொடுக்க வேண்டாம்.